ஆரவாரம் ரசிகனுடையது... கல்லா முதலாளியுடையது!

2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை. லிவர்பூல் நகரின் ஆன்ஃபீல்டு மைதானம். சண்டர்லாந்து அணிக்கு எதிராக லிவர்பூல் இரண்டு கோல் அடித்து முன்னிலையில் இருந்தது. சொந்த மண்ணில் சொந்த அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எந்த ரசிகரும் இடத்தைவிட்டு அசையமாட்டார். ஆனால், ஆட்டம் 77-வது நிமிடத்தைத் தொட்டதும் சுமார் 10,000 பேர் எழுந்து, முதலாளிகளின் பேராசையைக் கண்டித்துக் கோஷம் போட்டபடியே வாசலை நோக்கி நடந்தார்கள். ‘கோப்’ என்று உலகமே அறிந்த அந்தப் புகழ்பெற்ற கேலரியில் திட்டுத்திட்டாகக் காலி நாற்காலிகள் தெரிந்தன. அவர்கள் போன பிறகு சண்டர்லாந்து அடுத்தடுத்து இரண்டு கோல் அடித்தது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது.

77 என்பது டிக்கெட் விலை. புதிதாகக் கட்டப்பட்டுவந்த பிரதான கேலரியில், அதிகபட்ச விலையை 59 பவுண்டிலிருந்து 77 பவுண்டாக உயர்த்துவதாக கிளப்பின் அமெரிக்க உரிமையாளர்கள் அறிவித்திருந்தார்கள். அதற்கான பதில்தான் அந்த வெளிநடப்பு. நான்கே நாள்களில் உரிமையாளரான ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குழுமம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 77 பவுண்டு டிக்கெட் கைவிடப்பட்டது. இரண்டு சீசன்களுக்கு விலை ஏறாது என்றும் உறுதி கொடுத்தார்கள்.

அந்த வெற்றியோடு பிரச்னை முடியவில்லை. 2024-25 சீசனுக்கு பிரீமியர் லீகின் 20 கிளப்களில் 19 கிளப்கள் டிக்கெட் விலையை ஏற்றின. கால்பந்தைப் பெற்றெடுத்த நாட்டில், தலைமுறை தலைமுறையாக கேலரியை நிரப்பியவர்களின் பிள்ளைகள் இன்று டி.வி-யில் ஆட்டம் பார்க்கிறார்கள். இது எப்படி நடந்தது, யார் நடத்தியது என்பதை விளங்கிக்கொள்ள கிளப்களின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

தொழிலாளிகள் தொடங்கியது

மான்செஸ்டர் யுனைடெட், 1878-ல் நியூட்டன் ஹீத் ரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி. ஆர்சனல், உல்விச்சில் பீரங்கியும் வெடிமருந்தும் தயாரித்த ஆலைத் தொழிலாளர்களின் அணி. வெஸ்ட் ஹாம், தேம்ஸ் நதிக்கரையில் இருந்த கப்பல் கட்டும் நிறுவனத்தில் பிறந்தது. எவர்ட்டன், ஒரு தேவாலயத்தின் பிள்ளை. சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்து, ஆலையிலிருந்து நேரே மைதானத்துக்கு வந்தவர்கள் வளர்த்த விளையாட்டு இது.

பின்னர் இந்த அணிகள் கம்பெனிகளாகப் பதிவானபோது, இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் கவனமாக ஒரு வேலி போட்டது. சங்கத்தின் 34-வது விதி, பங்குதாரர்கள் எடுக்கும் லாபத்துக்கு உச்சவரம்பு வைத்தது. இயக்குநர்களுக்குச் சம்பளம் கூடாது என்றது. கிளப்பை மூடினால்கூட, சொத்தை விற்ற பணத்தைப் பங்குதாரர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. கிளப்பை நடத்துபவர் அதன் காவலர்தானே தவிர, கறந்து குடிப்பவர் அல்லர் என்பதுதான் அந்த விதியின் உள்ளடக்கம்.

1983-ல் டாட்டன்ஹாம் கிளப் இந்த வேலியைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டுபிடித்தது. கிளப்புக்கு மேலே ஒரு தாய் நிறுவனத்தை உருவாக்கி, அதைப் பங்குச்சந்தையில் இறக்கினார்கள். விதி கிளப்பைத்தானே கட்டுப்படுத்துகிறது, தாய் நிறுவனத்தை அல்லவே! கால்பந்துச் சங்கம் தடுக்கவில்லை. மற்ற கிளப்களும் அதே வழியில் போயின. இன்றைக்கு நாம் பார்க்கும் அத்தனைக்கும் அன்று திறந்த அந்த ஓட்டைதான் மூலம் என்பது என் கணிப்பு.

அடுத்து வந்தது ஒரு பெருந்துயரம். 1989 ஏப்ரல் 15 அன்று, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் பலியானார்கள். அதை விசாரித்த நீதிபதி டெய்லர், பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் கேலரிகளை எடுத்துவிட்டு எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும் என்று பரிந்துரைத்தார். ஆனால், அதைக் காரணம் காட்டி விலையைத் தாறுமாறாக ஏற்றத் தேவையில்லை என்பதையும் அவர் அதே அறிக்கையில் எழுதினார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் இருக்கை 6 பவுண்டு, நிற்கும் இடம் 4 பவுண்டு என்று உதாரணமும் காட்டினார். கிளப்கள் பரிந்துரையின் முதல் பாதியை நிறைவேற்றின. இரண்டாவது பாதியை மறந்தே போயின. 97 பேரின் மரணத்துக்குப் பிறகு பாதுகாப்புக்காகப் போடப்பட்ட நாற்காலிகள், அந்த 97 பேரைப் போன்றவர்களே வாங்க முடியாத நாற்காலிகளாகிவிட்டன. இதைவிடக் கொடுமையான அநீதி இந்த விளையாட்டின் வரலாற்றில் இல்லை.

வாங்கியவர் கடன், கட்டியவர் ரசிகர்

2005-ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம், மான்செஸ்டர் யுனைடெட்டை சுமார் 79 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதில் 50 கோடிக்கு மேல் கடன். கடனைத் திருப்பிக் கட்டும் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழவில்லை, கிளப்பின் தலையில் விழுந்தது. 1931-லிருந்து கடனே இல்லாமல் இருந்த கிளப், தன்னை விலைக்கு வாங்கியவரின் கடனுக்குத் தானே வட்டி கட்டத் தொடங்கியது. வட்டி, கடன் செலவு, லாபப்பங்கு என்று இதுவரை கிளப்பைவிட்டு வெளியேறிய தொகை 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. 2010-ல் ரசிகர்கள், நியூட்டன் ஹீத் காலத்துப் பச்சை - மஞ்சள் நிறக் கழுத்துத் துண்டுகளை அணிந்துவந்து மைதானத்தையே நிறம் மாற்றினார்கள். முதலாளிகள் அசைந்துகொடுக்கவில்லை.

2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கோடீஸ்வரர் ஜிம் ராட்கிளிஃப் 27.7 சதவிகிதப் பங்கை வாங்கி, நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். மான்செஸ்டருக்கு அருகே பிறந்தவர், சிறு வயதிலிருந்தே யுனைடெட் ரசிகர். நம் ஆள் வந்துவிட்டார் என்று பலர் நம்பினார்கள். அந்த ஆண்டு நவம்பர் இறுதியில், சீசனின் நடுவிலேயே ஓர் அறிவிப்பு வந்தது. மீதமிருக்கும் உறுப்பினர் டிக்கெட்டுகள் அனைத்துக்கும் ஒரே விலை, 66 பவுண்டு. சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை கிடையாது.

அதற்கு முன்பு பெரியவர்களுக்கு 40 பவுண்டிலிருந்தும், சிறுவர்களுக்கு 25 பவுண்டிலிருந்தும் டிக்கெட் கிடைத்தது. இரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும் ஒரு தகப்பனை நினைத்துப்பாருங்கள். முன்பு 90 பவுண்டில் மூன்று பேரும் உள்ளே போயிருக்கலாம். புது விலையில் 198 பவுண்டு. அன்றைய மதிப்பில் 20,000 ரூபாய்க்கு மேல், ஒரே ஓர் ஆட்டத்துக்கு! பயணச் செலவும் சாப்பாடும் தனி. அதே ஆண்டில் பயிற்சியாளர் டென் ஹாக்கையும் விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த்தையும் வீட்டுக்கு அனுப்ப கிளப் செலவிட்ட தொகை 1.45 கோடி பவுண்டு. மைதானத்துக்கு வெளியே எடுத்த தவறான முடிவுகளின் செலவை, உள்ளே உட்காரும் பத்து வயதுப் பையனிடம் வசூலிக்கிறார்கள் என்று ரசிகர்கள் கொதித்ததில் என்ன தவறு?

2025 ஜனவரியில் யுனைடெட் அணி ஆன்ஃபீல்டுக்கு ஆட வந்தது. லிவர்பூலும் மான்செஸ்டரும் ஜென்மப் பகையாளிகள். நகரங்களுக்கே ஒன்றையொன்று ஆகாது. அந்த நாளில் இரு தரப்பு ரசிகர்களும் சேர்ந்து டிக்கெட் விலைக்கு எதிராகப் பதாகை பிடித்தார்கள்.

2 சதவிகிதத்தின் கணக்கு

விலை ஏற்றத்துக்கு கிளப்கள் சொல்லும் காரணங்களை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. வீரர்களின் சம்பளம் ஏறுகிறது. மான்செஸ்டர் சிட்டிக்குப் பின்னால் அபுதாபியின் பணம், நியூகாசிலுக்குப் பின்னால் சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதி. அவர்களோடு போட்டி போட வேண்டும். லிவர்பூல் 2023-24 நிதியாண்டில் 5.7 கோடி பவுண்டு நஷ்டம் காட்டியது. எல்லாம் உண்மைதான்.

ஆனால், அதே கணக்கைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். அந்த ஆண்டு லிவர்பூலின் மொத்த வருமானம் 61.4 கோடி பவுண்டு. விளம்பரதாரர்கள், ஜெர்ஸி போன்ற வணிக வருமானம் 30.8 கோடி. தொலைக்காட்சி உள்ளிட்ட ஊடக வருமானம் 20.4 கோடி. ஆட்ட நாள் வருமானம் 10.2 கோடி. அதாவது, ஆறில் ஒரு பங்கு. சம்பளச் செலவு மட்டும் 38.6 கோடி. அடுத்த சீசனுக்கு லிவர்பூல் அறிவித்தது 2 சதவிகித விலை ஏற்றம். ஆட்ட நாள் வருமானம் முழுவதும் 2 சதவிகிதம் உயர்ந்தாலும் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 20 லட்சம் பவுண்டு. 61 கோடியில் 20 லட்சம்! ஒரு நட்சத்திர வீரரின் சில மாதச் சம்பளத்துக்குக்கூடப் போதாத தொகை. இதற்காகத்தான் ரசிகர்களோடு சண்டை.

2024 ஏப்ரல் 11 அன்று, யூரோப்பா லீக் காலிறுதியில் அட்டலாண்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் கோப் கேலரியில் கொடிகளே இல்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் ராட்சதக் கொடிகளையும் கையால் எழுதிய பதாகைகளையும் தூக்கிவரும் ரசிகர்கள், விலை ஏற்றத்தைக் கண்டித்து அவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். அந்தக் கொடிகளை கிளப் வாங்கித் தருவதில்லை. துணி வாங்குவது, வண்ணம் தீட்டுவது, தைப்பது, சுமந்துவருவது எல்லாம் ரசிகர்கள். ஆனால், கிளப்பின் விளம்பரப் படங்களில் முதலில் வருவது அந்தக் கொடிகள்தான். 2025-26 சீசனுக்கு லிவர்பூல் விலையை ஏற்றவில்லை.

ரசிகர் இல்லாத கால்பந்துக்கு என்ன மதிப்பு என்பதை 2020 நமக்குக் காட்டியது. கொரோனாவால் காலியான மைதானங்களில் பிரீமியர் லீக் மறுபடி தொடங்கியபோது, ஒளிபரப்பு நிறுவனங்கள் ஏற்கெனவே பதிவுசெய்த கூட்டத்தின் சத்தத்தைச் சேர்த்து ஒளிபரப்பின. சத்தம் இல்லாமல் பார்க்க சகிக்கவில்லை. முதல் நாள் முதல் காட்சியில் விசிலும் கைத்தட்டலும் இல்லாவிட்டால் படம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அதுவும் இருந்தது. 1992-ல் பிரீமியர் லீக் தொடங்கியபோது ஐந்து ஆண்டுகளுக்கான தொலைக்காட்சி உரிமம் 30.4 கோடி பவுண்டு. 2025-ல் தொடங்கிய நான்கு ஆண்டுகளுக்கு, பிரிட்டனுக்குள் மட்டும், 670 கோடி பவுண்டு. விற்பனைக்குப் போகும் அந்தச் சரக்கில் ரசிகரின் குரலும் சேர்த்தி. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரிடமே மேலும் மேலும் பணம் கேட்பது எந்த வகையில் நியாயம்?

மைதானம் நிரம்பி வழிகிறது, காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கிறது, அப்படியானால் சந்தை விலையை வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. டிக்கெட் கட்டுப்படியாகவில்லை என்று லிவர்பூல் ரசிகர் எவர்ட்டனுக்கு மாறிவிடமாட்டார். அப்பா, தாத்தா வழி வந்த பற்று அது. மாறவே முடியாத வாடிக்கையாளரிடம் வைக்கும் விலைக்கு சந்தை விலை என்று பெயர் சொல்ல முடியாது. உள்ளூர்க்காரர் வெளியேறினால், அந்த இருக்கைக்கு வருபவர் யார் என்பதும் கிளப்புக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு முறை விமானத்தில் வந்து, கிளப் கடையில் பை நிறைய வாங்கிச் செல்லும் சுற்றுலாப் பயணி. டாட்டன்ஹாம், புதிதாக எந்த மூத்த குடிமகனுக்கும் சீசன் டிக்கெட் சலுகை தருவதில்லை என்று 2024-ல் அறிவித்ததையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஐம்பது வருடம் பாடிய குரலைவிட, ஒருநாள் வந்துபோகும் கிரெடிட் கார்டு மேலாகத் தெரிகிறது.

பச்சைத் தெருவும் புனே கோழிப்பண்ணையும்

உரிமையாளரின் முடிவு டிக்கெட்டோடு நிற்பதில்லை. கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியைத் தமிழர்கள் பலருக்குத் தெரியும். தமிழ்க் கடைகள், உணவகங்கள், முருகன் கோயில் என்று நம்மவர்கள் வேரூன்றிய இடம். அதை ஒட்டிய அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டில்தான் வெஸ்ட் ஹாம் அணியின் போலின் மைதானம் இருந்தது. 112 ஆண்டுகள் அங்கே ஆடிய கிளப், 2016-ல் ஸ்ட்ராட்ஃபோர்டின் ஒலிம்பிக் மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. பழைய மைதானம் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. ஆட்ட நாள்களில் நிரம்பி வழிந்த சிறு உணவகங்களின் வியாபாரம் படுத்தது. தடகளப் போட்டிகளுக்காகக் கட்டிய மைதானம் என்பதால், புது இடத்தில் கேலரிக்கும் ஆடுகளத்துக்கும் இடையே தூரம் அதிகம். 2018 மார்ச்சில் பர்ன்லிக்கு எதிரான ஆட்டத்தில், உரிமையாளர்களைக் கண்டித்து ரசிகர்கள் ஆடுகளத்துக்குள்ளேயே இறங்கினார்கள்.

இந்திய முதலாளிகளும் இந்தக் கதையில் உண்டு. 1995-ல் பிரீமியர் லீக் பட்டம் வென்ற பிளாக்பர்ன் ரோவர்ஸை, 2010 நவம்பரில் புனேவின் வெங்கீஸ் கோழிப்பண்ணைக் குழுமம் வாங்கியது. இரண்டே ஆண்டுகளில் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. 2017-ல் அதற்கும் கீழே மூன்றாம் பிரிவு. 2012-ல் ஓர் ஆட்டத்தின்போது, ரோவர்ஸ் கொடி போர்த்திய ஒரு கோழியை ரசிகர்கள் மைதானத்துக்குள் விட்டார்கள். வெங்கீஸ் ஆண்டுதோறும் கைப்பணத்தைப் போட்டுத்தான் கிளப்பை நடத்திவருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பணம் போட்டால் மட்டும் போதாது, ஊரோடு பேச வேண்டும் என்பதுதான் பிளாக்பர்ன் ரசிகர்களின் குறை.

பெரி கிளப்பின் கதி இன்னும் மோசம். 1885-ல் தொடங்கிய அந்தக் கிளப்பை, 2018 டிசம்பரில் ஒரு தொழிலதிபர் வெறும் ஒரு பவுண்டுக்கு வாங்கினார். ஒன்பது மாதம்கூடத் தாங்கவில்லை. நிதி ஆதாரத்தைக் காட்ட முடியாததால், 2019 ஆகஸ்ட் 27 அன்று லீகிலிருந்தே கிளப் வெளியேற்றப்பட்டது.

ஜெர்மனி போட்ட பூட்டு

வேறு வழியே இல்லையா என்றால், வட கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஜெர்மனியின் தொழில்முறை கிளப்களில், வாக்குரிமையில் 50 சதவிகிதமும் அதற்கு மேல் ஒரு வாக்கும் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். முதலீட்டாளர் எவ்வளவு பணம் கொண்டுவந்தாலும் கடைசிச் சொல் அவருடையது அல்ல. லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போன்றவை விதிவிலக்கு. லைப்சிக் கிளப், வாக்களிக்கும் உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணும் அளவில் வைத்துக்கொண்டு விதியை நீர்த்துப்போக வைத்திருக்கிறது. இருந்தாலும் பூட்டு பூட்டுதான்.

டார்ட்மண்டின் தெற்குக் கேலரியில் 24,000-க்கும் மேற்பட்டோர் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிறார்கள். சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு ஓர் ஆட்டத்துக்கு ஆகும் செலவு 20 யூரோவுக்கும் குறைவு. அந்தக் கேலரியில் விலையை இரட்டிப்பாக்கினாலும் கூட்டம் வரும். ஆனால், ஏற்றினால் உறுப்பினர் கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். ஆன்ஃபீல்டு வெளிநடப்பு நடந்த மூன்றாம் நாள், ஸ்டுட்கார்ட்டில் நடந்த கோப்பை ஆட்டத்தில் வெளியூர் விலையை எதிர்த்து டார்ட்மண்ட் ரசிகர்கள் முதல் 20 நிமிடம் உள்ளே வராமல் நின்றார்கள். பிறகு வந்து, டென்னிஸ் பந்துகளை ஆடுகளத்தில் வீசினார்கள். 2024-ல் லீகின் ஒளிபரப்பு வருமானத்தில் பங்கை முதலீட்டாளருக்கு விற்க முயன்றபோதும் மறுபடி டென்னிஸ் பந்து மழை. வாரக்கணக்கில் ஆட்டங்கள் தடைப்பட்டன. பிப்ரவரி 21 அன்று லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

ஜெர்மன் லீகில் 2013-லிருந்து 2023 வரை பயர்ன் மியூனிக்கே தொடர்ந்து 11 முறை பட்டம் வென்றதே, போட்டி எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உறுப்பினர் உரிமை எல்லா நோய்க்கும் மருந்து அல்ல. ஆனால், சிறுவனை விலையால் வாசலில் நிறுத்தும் நோய்க்கு அது மருந்து.

இங்கிலாந்திலும் சிலர் சொந்தமாகவே வழி தேடினார்கள். கிளேசர்கள் வந்த 2005-லேயே, பழைய கிளப்பைப் பிரிந்த ரசிகர்கள் ‘எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்’ என்று புதிய கிளப் தொடங்கினார்கள். ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. குறைந்தபட்சத் தொகைக்கு மேல், அவரவரால் இயன்றதைக் கொடுத்து சீசன் டிக்கெட் வாங்கலாம். 2015-ல் மாஸ்டன் பகுதியில் சொந்த மைதானமும் கட்டினார்கள். திறப்பு விழா ஆட்டத்தில் ஆட வந்தது போர்ச்சுகலின் பென்ஃபிகா. இன்னமும் கீழ்ப் பிரிவுகளில்தான் ஆடுகிறார்கள். உச்சத்தில் ஆடும் அணியைப் பார்க்கும் சந்தோஷத்தைத் தியாகம் செய்துதான் அந்த சுதந்திரத்தை அவர்கள் வாங்கியிருக்கிறார்கள். போர்ட்ஸ்மத் ரசிகர்கள் 2013-ல் திவாலான கிளப்பை மீட்டு நடத்தினார்கள். 2017-ல் தாங்களே வாக்களித்து ஓர் அமெரிக்கத் தொழிலதிபருக்கு விற்றார்கள், மேலே ஏறுவதற்குப் பணம் வேண்டியிருந்ததால்.

சட்டம் வந்திருக்கிறது

2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்கள், தங்களுக்கென்று ‘சூப்பர் லீக்’ தொடங்குவதாக அறிவித்தன. அதில் ஆறு இங்கிலாந்து கிளப்கள். இரண்டாம் நாள் மாலை, செல்சி மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் அணியின் பேருந்தையே மறித்தார்கள். அன்று இரவுக்குள் ஆறு கிளப்களும் பின்வாங்கின. பிரிட்டிஷ் அரசும் விழித்துக்கொண்டது. ரசிகர்களின் பங்கேற்போடு மறுஆய்வு நடந்து, 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. சுயாதீன ஒழுங்குமுறை ஆணையம் ஒன்று அமைந்திருக்கிறது. உரிமையாளர்களின் பின்னணியை அது சோதிக்கும். மைதானம், சின்னம், நிறம் ஆகியவற்றை நினைத்தபடி மாற்ற முடியாது. டிக்கெட் விலையை மாற்றுவதற்கும் ரசிகர்களிடம் கலந்து பேச வேண்டும்.

கலந்து பேச வேண்டும், அவ்வளவுதான். விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் ஆணையத்துக்குக் கிடையாது. என்னைக் கேட்டால் சட்டத்தின் பெரிய குறை இதுதான். வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று 2016-லிருந்து பிரீமியர் லீக் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதனால் எந்தக் கிளப்பும் திவாலாகவில்லை. அதே வரம்பைச் சொந்த மைதானத்தின் ஒரு பகுதிக்கும், சிறுவர், முதியவர் இருக்கைகளுக்கும் கொண்டுவந்தால் பெரிய கிளப்களின் வருமானத்தில் ஒரு கீறல்கூட விழாது.

நள்ளிரவில் விழித்திருந்து இந்த ஆட்டங்களைப் பார்க்கும் லட்சக்கணக்கான தமிழ் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ‘உலகம் முழுக்க நமக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள், உள்ளூர்க்காரன் போனால் போகட்டும்’ என்று முதலாளிகள் கணக்குப் போடுவது நம்மை வைத்துத்தான். அங்கே ரசிகர்கள் கொடியை மடித்துவைத்தாலோ, பாதி ஆட்டத்தில் எழுந்துபோனாலோ, ‘அணிக்குத் துரோகம் செய்கிறார்கள்’ என்று சமூக வலைதளங்களில் அவர்களைத் திட்டுவதில் வெளிநாட்டு ரசிகர்கள் முன்னால் நிற்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்களும் அந்தக் கிளப்பின் ரசிகர் என்றால், உங்கள் பக்கம் கேலரியில் இருப்பவர்களின் பக்கம்தான். அவர்களுடைய போராட்டத்தைப் பகிருங்கள். கிளப்பின் பக்கத்தில் போய் அவர்களுக்காக நாலு வரி எழுதுங்கள். உங்கள் ஜெர்ஸிப் பணத்தை எண்ணுகிற முதலாளிக்கு உங்கள் வார்த்தையும் காதில் விழும்.